கொங்குநாட்டிற் கொள்ளைநோயும் திருநீலகண்டமும்

உடம்பொடு கூடி வாழும் உயிர்களுக்கு வருந் துன்பங்கள் எண்ணில. அவற்றுள், தாம் பேணி வளர்த்த மக்களையும், தம்மைப் பேணி வளர்த்த பெற்றோரையும், உடனுறைந்த துணைவரையும் எதிர்பாராது இழத்தலினும் பெரியது பிறிதில்லை. பொருளை இழந்தார் மீண்டும் ஈட்டலாம். நிலத்தை இழந்தார் வேறு நிலந் திருத்தலாம். உயிரனையாரை இழந்தார்க்கு ஈடு செய்வது யாது? இங்ஙனம் இழந்து நின்ற மாந்தர்க்குச் சமயவுணர்ச்சி வரலாற்றில் என்ன செய்துவந்தது என்பதை எம் கொங்குநாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு; அது எம் பிழையொன்றைப் பற்றியது. ஆதலின் மறையாது கூறுகின்றோம். 2021ஆம் ஆண்டில் கொரோனா என்னுங் கொள்ளைநோய் இரண்டாம் முறை பெருகியபொழுது, கோவை மாவட்டம் பெரிதும் அல்லற்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியில் நாடோறும் புதிதாக நோயுற்றோர் தொகை சென்னையினும் கோவையில் மிக்கிருந்தது. எம் ஊராகிய தொண்டாமுத்தூரில் எமக்கு அண்டைவீட்டாராகிய அம்மையார் ஒருவர் தம் மகனை அந்நோய்க்குப் பறிகொடுத்தார். மணப்பருவம் எய்திய பிள்ளை. முகத்தைக் கடைசியாக ஒருமுறை நன்கு காணவும் அவருக்கு வாய்க்கவில்லை. சில நாட் கழித்து யாம் துக்கம் வினவச் சென்றோம். மடத்து நிழலிற் பாடங்கேட்ட செருக்கினால், "எல்லாம் வினைப்பயன், தாயே, பிராரத்தம் ஊட்டாது கழியாது" என்று கூறினோம். அவ்வம்மையார் எம்மை நிமிர்ந்து பார்த்து, "அப்படீன்னா எம்பையன் பாவம் பண்ணிப்போட்டுத்தான் போனானுங்களா, ஐயா?" என்று கேட்டார். யாம் விடையின்றி எழுந்து வந்தோம்.

யாம் கூறியது சித்தாந்த உண்மைக்கு மாறானதன்று. ஆயினும் அது அவ்விடத்தில் மருந்தாகாது புண்ணிற் கோலாயிற்று. உண்மையே புண்படுத்துமாயின் குறை உண்மையிலா, உரைத்தவனிடத்திலா? இவ்வையம் எம்மைத் திருமுறைகளையும் நாட்டு வரலாற்றையும் மீளத் திருப்பிப் பார்க்கச் செய்தது.

திருச்செங்கோட்டில் நிகழ்ந்தது

கொங்குநாட்டில் ஒரு கூட்டத்தார் நோயுற்றுச் சமயத்தால் ஆறுதல் எய்திய செய்திகளுள் மிகப் பழையதாக நமக்குக் கிடைப்பது, ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்த சுவாமிகள் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து நிகழ்ந்ததாகும். அத்தலமே இன்று திருச்செங்கோடு என வழங்குகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைக்கின்றார். சுவாமிகள் பவானியாகிய திருநணாவைப் பணிந்து மீண்டு செங்குன்றூரில் தங்கியிருந்தபொழுது பனிக்காலந் தொடங்கிற்று. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. ஊர்விட்டு ஊர் வந்தவர். மலைநாட்டுக் குளிர் பழகாதவர். நோயால் நடுங்கி வந்து பிள்ளையாரை வணங்கினர்.

இங்கே யாம் நோக்கத்தக்கன மூன்று. முதலாவது, இந்நோய் இந்நாட்டின் இயல்பால் வருவது என்று சுவாமிகள் உணர்ந்தமையைச் சேக்கிழார் வெளிப்படக் கூறுகின்றார். நிலமும் பருவமும் நோய்க்குக் காரணமாதலை அவர் மறுக்கவில்லை. நோயுற்றோரின் ஒழுக்கத்திற் குற்றம் தேடவும் இல்லை. சமயமுடையார் இயற்கைக் காரணத்தைக் காணமாட்டார் என்று கூறுவார்க்கு இஃது ஏற்ற விடையாம்.

இரண்டாவது, அப்பொழுது அருளிச்செய்யப்பட்ட திருநீலகண்டத் திருப்பதிகத்தின் கருத்து. இது முதல் திருமுறையில் உள்ளது. செய்த வினைக்கு ஏற்ப இவ்விடர் வந்தது என்று சொல்லும் உலகரை நோக்கியே அது தொடங்குகின்றது. அங்ஙனம் சொல்லிக்கொண்டு உய்யும் நெறியை நாடாது வாளா இருத்தல் குறைபாடே என்று சுவாமிகள் இடித்துரைக்கின்றார். யாம் பலகால் ஓதிய பதிகமே ஆயினும், எம் அண்டைவீட்டு அம்மையார் கேட்ட வினாவிற்குப் பின்னரே இப்பொருள் எம் நெஞ்சில் தைத்தது. வினைக்கொள்கை அங்கே அமைதி கூறுதற்கும் அன்று, பழி கூறுதற்கும் அன்று. எழுந்து வழிபட்டுச் செயலாற்றுதற்கே அடிப்படையாக வைக்கப்பட்டுள்ளது. சோலை வளர்த்தலும் குளந் தோண்டுதலுமாகிய அறங்களும் அப்பதிகத்தில் எடுத்தோதப்படுகின்றன. நோய்க்காலத்துப் பாடிய பாட்டிலும் பொதுப்பணி மறக்கப்படவில்லை என்பது காண்க.

மூன்றாவது, அப்பதிகத்தில் தன்மைப் பன்மை ஆளப்படுகின்றமை. தீவினை உம்மைத் தீண்டாது என்று, நலமாயிருப்பவர் நோயாளியை நோக்கிக் கூறுமாறு அது அமையவில்லை. எம்மைத் தீண்டாது என்றே அமைந்துள்ளது. தமக்குக் குளிர்சுரம் இல்லையாயினும் சுவாமிகள் தம்மை நோயுற்றார் கூட்டத்துள் வைத்தே பாடினார். இறைவன் திருமிடற்றின்மேல் ஆணையிட்டுப் பாடிய அப்பாட்டின் ஆற்றலால் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையும் நோய் விட்டு நீங்கிற்று என்பது சேக்கிழார் வாக்கு.

திருநீலகண்டம் என்னும் அப்பெயரே சிந்தித்தற்குரியது. கடலில் எழுந்த நஞ்சை இறைவன் பிறர்மேல் உமிழவும் இல்லை, இல்லாதது போல மறைக்கவும் இல்லை. தன் மிடற்றிலே தாங்கினான். அத்தாங்கலே அதற்கு அணியாயிற்று. ஆற்றொணாத் துயரைத் தாங்கி நிற்போர்க்கு இதனினும் ஏற்ற திருவுருவம் யாது உண்டு?

அவிநாசியில் இரு வீடுகள்

கொங்கேழ் தலங்களுள் மற்றொன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசி, கோவைக்கு வடகிழக்கே உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவ்வூர் வீதியில் வரும்பொழுது ஒரு மனையில் மங்கல ஒலியும் அதற்கெதிர் மனையில் அழுகை ஒலியும் ஒருங்கே எழக் கேட்டார். காரணம் வினவினார். ஐந்து ஆண்டுப் பருவத்துச் சிறுவர் இருவர் குளத்தில் ஆடச் சென்றனர் என்றும், ஒருவனை முதலை விழுங்கிற்று என்றும், பிழைத்த சிறுவனுக்கே இன்று பூணூற் சடங்கு நிகழ்கின்றது என்றும் அங்கிருந்தோர் கூறினர்.

மகனை இழந்து ஆண்டுகள் கழிந்தபின்னும் எதிர்வீட்டு மங்கலம் இவ்வீட்டுத் துயரைப் புதுக்குகின்றது. தன் மகனும் இருந்திருப்பின் இன்று அவனுக்கும் இச்சடங்கு நிகழுமே என்னும் ஏக்கம் அது. மக்களை இழந்தார் உள்ளத்தை இதனினும் நுட்பமாக யாவர் தீட்டவல்லார்? காலம் எல்லாத் துயரையும் ஆற்றும் என்று எளிதிற் கூறுவார் சேக்கிழாரின் இவ்விடத்தைப் படித்தல் வேண்டும்.

சுந்தரர் வந்துள்ளார் என்று அறிந்தவுடன் அப்பெற்றோர் அழுகையை மறைத்து முகமலர்ந்து வந்து வணங்கினர். மகனை மீட்டுத் தருவார் என்னும் எண்ணம் அவர்க்கு இல்லை. நெடுநாள் விரும்பிய வழிபாட்டைச் செய்யவே வந்தனர். சுந்தரரோ அவர்தம் மலர்ந்த முகத்தைக் கண்டு அமைந்துவிடாது, மகனை இழந்தவர் நீவிர் தாமோ என்று நேரே வினவினார். துயருற்றாரிடம் இழப்பைப் பற்றிப் பேசாதிருத்தலே நாகரிகம் என்று கருதுவார் பலர். சுவாமிகள் அங்ஙனம் செய்யவில்லை. வினவினார், கேட்டார், தாமும் உருகினார், குளக்கரைக்குச் சென்றார். அதன் பின்னரே பாடினார். முதலை பிள்ளையைக் கரைக்கட் கொணர்ந்து தந்தது என்பது அனைவரும் அறிந்த வரலாறு.

"அப்பெற்றோர்க்கு மகன் மீண்டான், எம் மகன் மீளவில்லையே" என்று ஒருவர் கேட்பின் என்ன கூறுவது? அவர்க்குத் திலகவதியார் வரலாற்றையே காட்டல் வேண்டும். தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியார் உடன் மாண்டார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரிற் பட்டார். இவருள் ஒருவரும் மீளவில்லை. உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருணீக்கியாரின் பொருட்டே உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டும் மெழுகியும் மலர் தொடுத்தும் வாழ்ந்தார். அங்ஙனம் தாங்கிய அவ்வுயிரே தமிழுலகிற்குத் திருநாவுக்கரசரைத் தந்தது. அற்புதம் நிகழாத இடத்தும் வழிபாடும் தொண்டும் ஒருவரை வாழவைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிளேக் மாரியம்மன்

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 1894இல் ஹாங்காங்கிலும் 1896இல் பம்பாயிலும் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோவை நகரைப் பற்றிப் பலமுறை வருத்திற்று. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 53,080ஆக இருந்த நகரின் மக்கட்டொகை 1911இல் 47,000 அளவிற்குக் குறைந்தது. வளர்ந்துவரும் வாணிக நகரொன்று பத்தாண்டில் இங்ஙனம் சுருங்கிற்றென்றால், அந்நாளைய அச்சம் எத்தகையது என்பது உய்த்துணரத்தக்கது.

எம் அம்மாயி அக்காலத்துச் சிறுமியாயிருந்தவர். எம் இளமையில் அவர் சொல்லக் கேட்டோம். அட்டாலியில் எலி செத்து விழுந்தால் அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு, பண்டபாத்திரங்களைச் சுமந்து தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுவார்களாம். அவருடைய தமையன்மார் இருவர் ஒரே கிழமையில் இறந்தனர். சுமந்து செல்லவும் ஆள் வரவில்லை. அவர்தம் தாயார் அதன்பின் நெடுநாள் ஒருவரோடும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மனுக்கு விளக்கிடுதல் ஒன்றை மட்டும் விடவில்லை. "அந்த வெளக்குத்தான் எங்காத்தாளை எங்களுக்குத் திருப்பிக் குடுத்துது" என்பார் அம்மாயி.

கோவை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு கோயில்கள் இன்றும் உள்ளன. நோயின் ஆங்கிலப் பெயரையே தாய்த்தெய்வத்தின் அடைமொழியாக ஏற்றிய அம்மக்களின் உள்ளத்தை யாம் எள்ளுதற்கில்லை. பெயரறியாப் பேரச்சத்தினும் பெயரிட்டு அழைக்கத்தக்க அச்சம் சிறிது. அழைத்து முறையிடத்தக்கதாயின் அதனினும் சிறிது. பூச்சாட்டிக் கம்பம் நட்டு, மஞ்சள்நீர் ஊற்றி, வேப்பிலை சாத்தி, மாவிளக்கும் பூவோடும் எடுக்கும் விழாவில், நோய்க்கஞ்சித் திசைதோறும் சிதறிய ஊரார் மீண்டும் ஒருங்கு கூடினர். ஒரு வீட்டின் சாவு ஊர்ச்சாவாயிற்று. ஒருத்தியின் அழுகை அனைவரின் வேண்டுதலாயிற்று. இஃது அவ்வழிபாட்டின் பயன்.

சித்தாந்த நூலுணர்ந்தோர் இதனை ஏற்பரோ எனின், ஏற்பர். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாக நின்று அருள்பவன் அம்மையொருபாகனே என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அறுதியிட்டுள்ளார். 2021இல் கோவையை அடுத்த இருகூர்க் காமாட்சிபுரி ஆதீனத்தில் ஒன்றரை அடி உயரக் கருங்கற்றிருமேனியாகக் கொரோனா தேவி நிறுவப்பட்ட செய்தியைப் பலர் வியப்பொடு பேசினர். பிளேக் மாரியம்மனை அறிந்த கோவை மக்களுக்கு அது புதுமையன்று.

ஆயினும் ஒன்று மறத்தலாகாது. பிளேக் நோய் எலியுண்ணியால் பரவுவது என்பதை 1898இல் சிமோந்து என்னும் பிரஞ்சு மருத்துவர் காட்டினார்; அதற்கு முன்னாண்டிலேயே ஹாப்கின் என்பார் பம்பாயில் தடுப்பூசி கண்டார். நோயைத் தடுத்தவை ஊசியும் தூய்மையும் மருந்துமே. நோயால் உடைந்த நெஞ்சை ஒட்டவைத்தது விளக்கு. ஒன்றன் வேலையை மற்றொன்றன்மேல் ஏற்றி, கோயிலுக்குச் சென்றால் ஊசி வேண்டா என்பாரும், ஊசி வந்தபின் கோயில் எற்றுக்கு என்பாரும் ஒருங்கே பிழைபட்டவராவர். செங்குன்றூரில் நாட்டியல்பை உணர்ந்துகொண்டே பதிகம் பாடிய பிள்ளையார் இரண்டினையும் நமக்குக் காட்டியுள்ளார்.

பேரூர்ப் படித்துறை

வெள்ளியங்கிரிச் சாரலிற் பிறந்து எம் ஊர்ப்பக்கமாக இழிந்துவரும் நொய்யலாறு, காஞ்சிமாநதி எனப் பெயர் பூண்டு பேரூரை அடைகின்றது. கச்சியப்ப முனிவர் புராணம் பாடிய அத்தலம் முத்தித்தலம் எனப் போற்றப்படுவது. அவ்வாற்றில் இட்ட எலும்பு கல்லாகும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆடி அமாவாசையிலும் ஆடிப்பெருக்கிலும் சுற்றுவட்டத்து ஊரார் அங்குக் கூடித் தென்புலத்தார் கடன் ஆற்றுவர். மணமாகாது இறந்த கன்னியரையும் குழந்தைகளையும் நினைந்து, இலையில் ஏழு கூழாங்கற்களை வைத்துக் கன்னிமாராக வழிபடும் வழக்கமும் அங்கே உண்டு.

இவ்வழக்கத்தின் அருமை அது நின்றபொழுதே விளங்கிற்று. 2020, 2021 ஆண்டுகளில் நோய்த்தடையின் பொருட்டு ஆற்றங்கரைக் கூட்டங்கள் விலக்கப்பட்டன. அது வேண்டிய தடையே. எனினும் பிணத்தைத் தொட்டழவும் பெறாது, கரைக்குச் சென்று ஒரு கை நீர் விடவும் பெறாது நின்றவர்களின் துயரம் வெளிப்பட வழியின்றி உள்ளே உறைந்தது. அடைபட்ட மடைநீர் கரையை அரிக்குமாறு போல, ஆற்றப்படாத கடன் நெஞ்சை அரிக்கும். சடங்கு இறந்தார்க்குச் செய்வது என்று மட்டும் கருதியிருந்தோம். இருப்பார் எழுந்து நிற்பதற்கும் அதுவே கோலாவது என்பதை அவ்விரண்டாண்டுகளில் கண்ணாரக் கண்டோம்.

நூல் கூறுவதும் யாம் கூறுவதும்

பெற்றோர் தம் சொற்கேளா மக்களை அடித்தலும் அன்பேயாதல் போல, இறைவன் தரும் துன்பமும் கருணையே என்று சித்தியார் கூறும். இதனை மறக்கருணை என்பர். இவ்வுவமை உண்மை, ஆயின் அதனை யார், யாரிடம், எப்பொழுது சொல்லத்தக்கது? தன் துன்பத்தைத் தான் எண்ணிப் பார்க்கும் ஒருவன், "இதுவும் என் ஐயன் செயல்" என்று தேறுவானாயின் அது ஞானம். பிறனொருவன் இழவுவீட்டு வாயிலில் நின்று, "இஃது உனக்குத் தகும்" என்பானாயின் அது கொடுமை. முன்னது மருந்தைத் தான் உண்ணுதல். பின்னது மருந்தால் பிறரை எறிதல்.

மேனாட்டு உளநூலாரும் இவ்வேறுபாட்டைக் கண்டுள்ளனர். அமெரிக்க நாட்டினராகிய கென்னத் பார்கமெண்ட் என்பார் சமயவுணர்ச்சி துன்பத்தைத் தாங்க எங்ஙனம் துணைசெய்கின்றது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1997இல் இதுபற்றிப் பெருநூலொன்றும் வெளியிட்டார். இறைவன் உடனிருக்கின்றான் என்று பற்றுவார்க்குச் சமயம் ஊன்றுகோலாகின்றது. இறைவன் தம்மைக் கைவிட்டான், ஒறுக்கின்றான் என்று குமைவார்க்கு அச்சமயமே சுமையாகின்றது என்பது அவர்தம் முடிபு. 2001இல் அவரும் துணையாய்வாளரும் மருத்துவமனையிற் சேர்ந்திருந்த முதியோர் 596 பேரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். இறைவன் கைவிட்டானோ என்று ஐயுற்று வருந்தியவரிடையே அடுத்த ஈராண்டில் இறப்பு மிக்கிருந்தமை அதனாற் புலனாயிற்று. அக்கருத்தை நோயாளியின் நெஞ்சில் விதைப்பவர் எத்துணைப் பெரும்பிழை செய்கின்றார் என்பதை யாம் இனி எடுத்துரைக்க வேண்டா.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சமயம் துயரை இல்லையாக்குவதன்று. அவிநாசித் தாய் ஆண்டுகள் சென்றும் அழுதாள். சமயம் துயருக்குக் காரணங்காட்டி வாயடைப்பதுமன்று. அங்ஙனம் செய்வாரைத் திருநீலகண்டப் பதிகமே இடிக்கின்றது. துயருற்றார்க்கு நிற்க ஓர் இடமும், செய்ய ஒரு செயலும், உடன் நிற்க ஒரு கூட்டமும் தந்து, நஞ்சை மிடற்றில் தாங்கிய பெருமானைத் துணையாகக் காட்டுதலே அது வழிவழியாகச் செய்துவந்த பணி.

2022இல் ஆற்றங்கரைத் தடை நீங்கியபின், ஆடி அமாவாசையன்று அவ்வம்மையார் பேரூருக்குப் புறப்பட்டார். யாமும் உடன் சென்றோம். அன்று யாம் ஒன்றும் உபதேசிக்கவில்லை. மகன் சிறுவனாக இருந்தபொழுது எங்ஙனம் இருந்தான் என்று மட்டும் வினவினோம். படித்துறையிலிருந்து பட்டீசர் திருமுன் செல்லும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் ஒருமுறை சிரிக்கவுஞ் செய்தார். சந்நிதியில் நின்று, "அந்தப் பாட்டைப் படிங்க ஐயா" என்றார். திருநீலகண்டப் பதிகத்தை இருவேமும் சேர்ந்து ஓதினோம். அப்பதிகத்தில் வரும் தன்மைப் பன்மையின் பொருளை, அறுபது ஆண்டு கடந்தபின், அன்றே யாம் கற்றோம்.

திருச்சிற்றம்பலம்.